பாகூரிலிருந்து பாரிஸ் எம்மாந்தூரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பாகூர்க் கடைத்தெருவில் டெலிபோன் இருந்த சில இடங்களில் உரக்கடையும் ஒன்று. ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கடைக்காரர் எனக்கு ஆள் அனுப்பினார். பாரிஸிலிருந்து என் தங்கை கூப்பிடுகிறாளாம். யூரியா மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"அக்கா, நான் ஊருக்கு வரமாட்டேன்க்கா. ஃபிளைட்ல ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்ட்டாரு. எந்திரிச்சி நடக்கக்கூட கூடாதாம்."

அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். வளைகாப்புக்கு வந்து, எங்கள் வீட்டிலேயே தலைப்பிரசவம் பார்த்துக்கொண்டு, பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபிறகு திரும்பிப் போவது என்று எல்லாம் பேசி முடித்திருந்தோம். முந்தின வாரம் அவளுக்கு ரத்தம் பட்டிருக்கிறது. இனி பிரசவம் வரைக்கும் படுக்கைதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு கிடங்கில் இரவு வேலை. அவர் போனபின் நான்காவது மாடியில் இவள் தனியாகக் கிடக்கிறாள்.

"ஒண்டியா கெடக்கறேன்க்கா. பயமா இருக்குது" என்றாள்.

"நான் வரேன்" என்றேன். லைன் அறுந்துவிட்டது. நான் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று தெரியாமலே வீட்டுக்கு நடந்தேன்.

எங்கள் அம்மா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கு ஒன்பது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு என் படிப்பு ஏற்கெனவே நின்றிருந்தது. அதன்பின் வீடும் கழனியும் அவளும் என் பொறுப்பு. எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கு அவள் காரணம் இல்லை. வந்த வரன்களில் ஒருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை, அப்பா வற்புறுத்தவில்லை, வயது போய்விட்டது. ஊர் இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். அவளை நாங்கள் கொடுத்தது ஒரு சொல்தா வீட்டில். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அதனால் மகனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. கல்யாணமான மூன்றாம் மாதமே மாப்பிள்ளை அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா கரும்புக் கொல்லையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த கரும்புச் சோகையைக் கீழே போட்டார். அவர் கேட்டது ஒன்றுதான். இங்கிருந்து கிளம்பினால் அவளிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வா என்றார். தை மாதம் அறுவடை இருக்கிறதே என்று நானே எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். அறுவடையை அவர் பார்த்துக்கொள்வாராம்.

எதிர்ப்பு அத்தையிடமிருந்து வந்தது. அப்பாவின் அக்கா, பக்கத்துத் தெருவில் இருந்தவள், நாலு பிள்ளை பெற்றவள். என்மேல் அவளுக்குப் பிரியம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அன்று சாயங்காலமே வந்துவிட்டாள்.

"கல்யாணம் ஆவாதவ நீ, பிள்ளத்தாச்சிக்கு இன்னாடி செய்வ? ஒனக்கு இன்னா தெரியும்? நான் போறேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குக் கைக்குழந்தையைத் தூக்கத் தெரியாது. நான் வளர்த்த ஒரே பிள்ளை தங்கைதான், அதுவும் அவளுடைய ஒன்பது வயதிலிருந்து. அத்தை போவதாக இருந்தால் போகட்டும், யாராவது ஒருவர் தங்கை பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதான் அந்த இரவு நினைத்தேன். மறுவாரம் நானும் அத்தையும் பஸ் ஏறிப் புதுச்சேரியில் டிக்கெட் போட்டுத் தரும் ஒருவரிடம் போனோம்.

சின்ன அறை. சுவரில் உலகப் படம். அவர் ஒரு ஸ்கேலை எடுத்து மெட்ராஸில் வைத்து பாரிஸ் வரைக்கும் நீட்டிக் காட்டினார். நேராகப் போனால் சுமார் எட்டாயிரம் கிலோமீட்டராம். மெட்ராஸிலிருந்து பம்பாய்க்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே விமானம் மாறவேண்டும். பம்பாயிலிருந்து பாரிஸுக்கு, நடுவில் வளைகுடாவில் ஒரு இடத்தில் நிற்பதையும் சேர்த்தால், பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் ஆகலாம்.

அத்தை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நடுவுல நிக்குதே, அங்க எறங்கி நடந்துட்டு ஏறலாமா?" என்று கேட்டாள்.

பெரும்பாலும் இறங்க விடமாட்டார்கள் என்றார் அவர்.

அத்தைக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. புதுச்சேரிக்கு வரும்போதே மடியில் எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டு வந்தவள். திரும்பும்போது கிருமாம்பாக்கம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டாள். பாகூரில் இறங்கியதும், "பன்னெண்டு மணி நேரம் என்னால ஆவாது. நீயே போ. ஆனா கொழந்தயத் தூக்கக் கத்துக்கினு போ" என்றாள்.

அப்பாவிடம் நேரத்தைச் சொன்னேன். வீட்டு வாசலிலிருந்து மெட்ராஸ் போய்ச் சேரவே அரைநாள் ஆகிறது, மீதி உலகத்துக்கு இன்னும் ஒரு பகலும் கொஞ்சமும். "அவ்ளோதானா?" என்றார். அவர் மனதில் எத்தனை நாள் என்று போட்டு வைத்திருந்தாரோ தெரியாது. அன்றைக்குத்தான் சோறு ஒழுங்காகச் சாப்பிட்டார்.

குழந்தையைத் தூக்கக் கற்றுக்கொள்வது பாஸ்போர்ட் வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு மெட்ராஸுக்கு நாலு தடவை போனேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர், புருஷன் அங்கே இருக்கிறாரா என்று கேட்டார். தங்கை இருக்கிறாள் என்றேன். தங்கைக்காகவா அவ்வளவு தூரம் என்றார். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டு போனார். அதெல்லாம் அலைந்தால் முடிகிற வேலை. குழந்தை விஷயத்தில் நான் இன்னொருத்தர் வீட்டுக்குள் போய்க் கேட்கவேண்டியிருந்தது. அந்த மாதம் பிள்ளை பெற்றவர்கள் இருந்த இரண்டு வீடுகளுக்குப் போனேன். ஒரு வீட்டில் காப்பி கொடுத்துப் பேச்சை மாற்றினார்கள். இன்னொரு வீட்டில் மாமியார் நேராகவே சொன்னாள், கல்யாணம் ஆகாத கை பச்சைப் பிள்ளைமேல் படக்கூடாது என்று. நான் எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் காது எரிந்தது.

எங்கள் கழனிக்கு நடவுக்கு வரும் பெண் ஒருத்திக்கு மூன்றாவது குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அவள் காதுக்கு இது எப்படியோ போயிருக்கிறது. வரப்பில் என்னைப் பார்த்ததும், "எம்புள்ளய வந்து குளுப்பாட்டிப் பழகிக்கோக்கா. நானும் ரவ நேரம் குந்துவேன்" என்றாள்.

தினமும் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். காலை நீட்டிக் குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பது, கழுத்துக்குக் கை கொடுப்பது, மூக்கிலும் காதிலும் தண்ணீர் போகாமல் ஊற்றுவது, எல்லாவற்றையும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள். முதல் நாள் என் கையிலிருந்து சோப்பு நழுவி, குழந்தையும் நழுவப் பார்த்தது. ஒரு வாரத்தில் பிடி கிடைத்துவிட்டது. மார்கழி முடிவதற்குள் நான் தண்ணீர் ஊற்றும்போதே அந்தக் குழந்தை தூங்கிப்போகிற அளவுக்குக் கை பழகிவிட்டது.

பொங்கல் கழிந்த வாரத்தில் டிக்கெட். தங்கைக்குப் பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, பனைவெல்லம் எல்லாம் போட்டு அத்தை பிரசவ லேகியம் கிளறி உருட்டிக் கொடுத்தாள். பால் சுரக்கப் பால்சுறாக் கருவாடு வேண்டும் என்று பனித்திட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவிடம் சொல்லி வைத்து வாங்கினேன். வாசனை வராமல் மூன்று பிளாஸ்டிக் பைகளில் கட்டினேன். பூண்டு, பருத்தி வேட்டித் துணிகள், ஒரு ஸ்வெட்டர். அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெட்டியைத் தூக்கி வந்தார்.

மெட்ராஸில் காலை விமானம் கிளம்பவேண்டிய நேரத்துக்குக் கிளம்பவில்லை. காரணத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மத்தியானத்துக்குமேல்தான் ஏற்றினார்கள். முதன்முதலாக விமானத்தில் ஏறுகிறோம் என்கிற பயம் எனக்கு வரவில்லை, பம்பாயில் அடுத்த விமானம் போய்விடுமே என்கிற பயம்தான். அது போயேவிட்டிருந்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண் ஏடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்று நாள் கழித்துத்தான் இடம் இருக்கிறது என்றாள். எனக்கு இங்கிலீஷ் படித்தால் புரியும், பேச வராது. இந்தி சுத்தமாகத் தெரியாது. தங்கை, பிரசவம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மூன்று நாள் என்று மறுபடி விரலைக் காட்டினாள். நான் பெட்டியைக் கவுன்ட்டருக்கு நேர் எதிரே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அழுகை வந்தது. அழுதால் பேச முடியாமல் போய்விடும் என்று அடக்கினேன். ஒருவர் வந்து வேறு இடத்தில் உட்காரச் சொன்னார். எழுந்து, அவர் போனதும் அதே இடத்தில் உட்கார்ந்தேன். இரண்டு முறை அப்படி நடந்தது. மூன்றாவது முறை அவர் வரவில்லை.

சாயங்காலம் உள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரர் வெளியே வந்து அந்தப் பெண்ணோடு பேசினார். பேசியது பிரெஞ்சு. எனக்கு அர்த்தம் தெரியவில்லை, ஆனால் அந்த ஓசை தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போவதற்கு முன்னால் நான் பாகூரில் இரண்டு வகுப்பு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். முப்பது வருஷமாக வாயில் வராத வார்த்தைகள். எழுந்து அவர் முன்னால் போய் நின்று, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"மா ஸேர். பெபே. ஸேல்."

என் தங்கை, குழந்தை, தனியாக. அவ்வளவுதான் எனக்குச் சேர்ந்தது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார், என் பெட்டியைப் பார்த்தார். பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மூன்றையே திருப்பிச் சொன்னேன். கடைசியில் என் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் காலை வேறு ஒரு விமானத்தில், ரோமில் இறங்கி மாறிப் போகிற மாதிரி, ஒரு இடம் எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குத் தந்தி கொடுக்க விலாசத்தையும் வாங்கிக்கொண்டார். நன்றி சொல்ல, மெர்சி என்றேன். அந்த வார்த்தையை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் அது மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

பம்பாயிலிருந்து கிளம்பினபிறகு எத்தனை மணி நேரம் பறந்தோம் என்று கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. சூரியன் கூடவே வந்துகொண்டிருந்தது. பகல் முடியாமல் நீண்டுகொண்டே போனது. பக்கத்து சீட்டுக்காரர் தூங்கினார். நான் தூங்கவில்லை. கீழே ஒரு இடத்தில் மணல், ஒரு இடத்தில் கடல், ரோமில் மாறியபிறகு பனி மூடிய மலைகள். அவளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாரிஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கருவாட்டுப் பையின் முடிச்சை அவிழ்த்தவர் உடனே திரும்பக் கட்டிவிட்டார். லேகியத்தை விடவில்லை. கறுப்பாக, பளபளவென்று, எண்ணெய் மினுமினுக்க உருண்டைகள். எடுத்து முகர்ந்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்தார். இருவரும் என்னைப் பார்த்த பார்வையிலேயே அதை அபின் என்று நினைக்கிறார்கள் என்று தெரிந்தது. பெபே, பெபே என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர்கள் என் வயிற்றைப் பார்த்துக் குழம்பினார்கள். வேறு வழி தெரியாமல் ஒரு உருண்டையை எடுத்துப் பிட்டு வாயில் போட்டு மென்று காட்டினேன். காரம் நெஞ்சை அடைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிள்ளை பெற்றவள் சாப்பிடவேண்டிய மருந்தை நின்ற இடத்தில் நான் தின்றதை அத்தை பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவர்களும் சிரித்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்கள்.

மாப்பிள்ளை வெளியே நின்றிருந்தார். தூங்காத கண். முந்தின நாளும் வந்து காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"வாங்க அண்ணி. பொண்ணு பொறந்துட்டுது. காலையில. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

பெட்டியைக் கீழே வைத்தேன். நான் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமா, மணலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமா என்று கணக்குப் போட முயன்றேன். கடிகாரத்தில் இன்னும் நம்மூர் மணியே இருந்தது. போட முடியவில்லை. முந்தின நாள் வந்திருந்தால் பக்கத்தில் இருந்திருப்பேன். அந்த வருத்தம் ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் கூட வந்தது.

அவள் வெள்ளைப் போர்வைக்குள் சின்னதாகக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "லேட்டு" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வெகுநேரம் கழித்து, வலி வந்தபோது எனக்குக் கேட்கும் என்று நினைத்து அக்கா அக்கா என்று சத்தமாகக் கூப்பிட்டதாகவும், நர்ஸ் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டதாகவும் சொன்னாள். பிரசவத்துக்கு நான் இல்லை. அதை மாற்ற முடியாது. அடுத்த மூன்று மாதமும் என் கையில் இருந்தது. அதில் ஒரு நாளைக்கூட வீணாக்கக்கூடாது என்று அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன்.

வீட்டில் குளியலறை ஒரு ஆள் நிற்கிற அளவுதான். சமையலறைத் தரையில் பழைய கம்பளியை விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் போட்டு, கணப்பில் சூட்டை ஏற்றிவிட்டு, காலை நீட்டிக் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டினேன். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் நர்ஸ் முதல் நாள் அதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தாள். மூக்கில் எண்ணெய் விடக்கூடாது என்று தங்கை மூலம் சொன்னாள். விடவில்லை. சாம்பிராணி போட்டதில் மாடிப்படி முழுக்கப் புகை பரவி, எதிர்வீட்டு அம்மா தீ என்று நினைத்துக் கதவைத் தட்டினாள். அதையும் நிறுத்தினேன். கருவாட்டுக் குழம்பை மட்டும் நிறுத்தவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வாரம் இரண்டு நாள் வைத்தேன். தங்கைக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. மாடிப்படி இறங்கி ஏறினாள். குழந்தை கன்னம் வைத்தது.

இரண்டாம் மாதம் முடியும்போது அவள் என்னை அங்கேயே இருக்கச் சொல்லத் தொடங்கினாள். தினமும் சொன்னாள். ஒருநாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். எனக்கும் குழந்தையை விட மனசில்லை. ஆனால் ஊரில் அப்பா தனியாக அறுவடையை முடித்துவிட்டு அடுத்த கரும்பு நடவுக்கு என் முகத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கென்று ஒரு வேலையும் வீடும் பாகூரில் இருந்தன. நான் போனபிறகு இந்த வீட்டில் அவளுக்கு யார் கை கொடுப்பது என்று யோசித்ததில், பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் ஒருவர்தான்.

அன்று மத்தியானம் மாப்பிள்ளை தூங்கி எழுந்து வந்ததும், கம்பளியை விரித்து அவரை உட்காரச் சொன்னேன். காலை நீட்டச் சொன்னேன்.

"நானா அண்ணி?"

"வேற யாரு இருக்காங்க இங்க?"

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேன்ட்டை முழங்காலுக்குமேல் சுருட்டிவிட்டுக் காலை நீட்டினார். குழந்தையை அவர் காலில் வைத்ததும் மூச்சை அடக்கிக்கொண்டார். கழுத்துக்குக் கை கொடுங்க தம்பி, தண்ணிய மேலேர்ந்து ஊத்தாதீங்க, ஓரமா ஊத்துங்க என்று நான் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னேன். அவர் கையிலிருந்து சோப்பு இரண்டு தரம் நழுவியது. குழந்தை கத்தித் தீர்த்தது. மறுநாளும் உட்கார வைத்தேன். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் தங்கை எழுந்து வந்து வாசற்படியில் நின்று பார்த்தாள். "தலைக்கு சோப்பு போட்டது போதும், கண்ணுல எறங்கப் போவுது" என்று அவரை அதட்டினாள். அவள் குரலில் அப்படி ஒரு அதட்டலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் விமானம் ஏறினேன். திரும்பும்போது எதுவும் தாமதமாகவில்லை, டிக்கெட்காரர் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இறக்கிவிட்டார்கள். மெட்ராஸில் இறங்கி வெயிலில் பஸ் பிடித்து, மத்தியானம் தாண்டி பாகூர் வந்தேன். அப்பா வீட்டில் இல்லை. பெட்டியை உள்ளே வைத்தேன், பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டேன், கொல்லைக்கு நடந்தேன். நடவுக்காகக் கரும்புக் கரணைகளை வெட்டிக் குவித்து வைத்துக்கொண்டு ஆட்களோடு நின்றிருந்தார். குழந்தை யார் ஜாடை என்று கேட்டார். எங்கள் அம்மா ஜாடை என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரணைக் கூடையைத் தூக்கினேன்.